மேலுதட்டுக்கு அடியில்

இரண்டு வயதுக் குழந்தையின் வாயைச் சுற்றி என்ன நேர்ந்தாலும் பெரியவர்களிடம் ஒரே விளக்கம் தயாராக இருக்கிறது: பல் முளைக்கிறது. காய்ச்சலா, பல் முளைக்கிறது. வயிற்றுப்போக்கா, பல் முளைக்கிறது. இரவெல்லாம் அழுகிறாளா, சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறாளா, ஈறு சிவந்திருக்கிறதா, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். என் மகளுக்கு முதல் பல் எட்டிப் பார்த்ததிலிருந்து கடைசிக் கடைவாய்ப்பல் வரும்வரை இந்த விளக்கத்தை உறவினர்கள், நண்பர்கள், முன்பின் தெரியாதவர்கள் எனப் பலரிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். எல்லோரும் அன்போடுதான் சொன்னார்கள். சில நேரங்களில் அது சரியாகவும் இருந்தது. ஆனால் அந்த விளக்கம் கிடைத்த பிறகு யாரும் குழந்தையின் உதட்டைத் தூக்கி உள்ளே பார்ப்பதில்லை என்பதே என்னை உறுத்தியது. ஈறு என்பது பார்த்தவுடன் பலவற்றைச் சொல்லிவிடக்கூடிய இடம். அதைப் பார்க்காமலேயே முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்தக் குழப்பத்துக்குக் காலக்கணக்கும் ஒரு காரணம். முதல் பால்பல் பெரும்பாலும் 6 மாத வாக்கில் கீழ்த்தாடையின் நடுவில் வருகிறது. சில குழந்தைகளுக்கு ஒரு வயது தாண்டியும் வரலாம், அதில் தவறொன்றும் இல்லை. இரண்டாம் கடைவாய்ப்பற்கள் 23 முதல் 33 மாதங்களுக்குள் வந்து சேரும்போது 20 பால்பற்களும் நிறைவடைகின்றன. ஆக, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஏதாவது ஒரு பல் ஈறுக்குள் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அதே இரண்டு ஆண்டுகளில்தான் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் குறைகிறது, குழந்தை தவழ்ந்து போய்க் கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கிறது, மற்றக் குழந்தைகளோடு பழகத் தொடங்கிச் சளியையும் காய்ச்சலையும் வாங்கி வருகிறது. எந்த நோய் வந்தாலும் பக்கத்தில் ஒரு பல்லும் முளைத்துக்கொண்டிருப்பதால் பழியைப் பல்லின் மேல் போடுவது எளிதாகிவிடுகிறது. உண்மையில் பல் முளைப்பதால் வரக்கூடியவை மிதமானவை: எச்சில் அதிகம் வடிதல், கையைக் கடித்தல், ஈறைத் தேய்த்தல், சற்றே எரிச்சலான மனநிலை, உடல் வெப்பத்தில் மிகச் சிறிய உயர்வு. 38 டிகிரி செல்சியஸைத் தொடும் காய்ச்சலையும் தொடர்ந்து போகும் வயிற்றுப்போக்கையும் பல்லின் கணக்கில் எழுதக் கூடாது. அவற்றுக்கு வேறு காரணம் இருக்கிறது, அதைத் தேட வேண்டும்.

இந்தப் பழி போடுதல் மிகப் பழையது. 17ஆம் நூற்றாண்டு லண்டனின் மரணப் பட்டியல்களில் 'பற்கள்' என்பதே சாவுக்கான காரணமாகக் குறிக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்புரோவாஸ் பரே, பல் வெளிவர வழி செய்வதாக எண்ணிக் குழந்தையின் ஈறைக் கத்தியால் கீறும் முறையைப் பரிந்துரைத்தார். அந்தப் பழக்கம் 19ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. அதைவிடக் கொடுமையான இன்னொன்றும் நடந்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட பொடிகளில் பாதரச உப்பான கேலோமல் கலந்திருந்தது. கைகால்கள் சிவந்து, தோல் உரிந்து, ஓயாமல் அழுது துன்புற்ற அக்குழந்தைகளின் நோய்க்கு 'இளஞ்சிவப்பு நோய்' என்று பெயரிட்டார்களே ஒழிய, காரணம் தெரியவில்லை. 1940களில் ஜோசப் வார்க்கனி என்ற மருத்துவர் அதைப் பாதரசத்தோடு தொடர்புபடுத்தினார். 1950களில் அந்தப் பொடிகள் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டதும் நோயும் அநேகமாக மறைந்துபோனது. பல் முளைப்பது நோயாகக் கருதப்பட்டது. அந்த நோய்க்குக் கொடுத்த மருந்தே குழந்தைகளைக் கொன்றது.

அது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. ஈறில் தடவி மரக்கச் செய்யும் பென்சோகெயின் கலந்த களிம்புகளை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் கடுமையாக எச்சரித்தது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் திறனைக் குறைக்கும் மெத்தீமோகுளோபினீமியா என்ற ஆபத்தான நிலையை அது உண்டாக்கக்கூடும் என்பதே காரணம். லிடோகெயின் கரைசலைப் பற்றி 2014இலேயே அப்படியொரு எச்சரிக்கை வந்துவிட்டது. பல் வலி தணியும் என்று நம்பிக் கழுத்தில் கட்டும், இறுகிய மரப்பிசினான ஆம்பர் மணிமாலைகள் கழுத்தை இறுக்கும், மணி அறுந்தால் தொண்டையில் அடைக்கும். சுத்தமான விரலால் ஈறை மெதுவாக அழுத்தித் தேய்ப்பதும், குளிர்ந்த, ஆனால் உறைந்து கல்லாகிவிடாத ஈரத்துணியைக் கடிக்கக் கொடுப்பதும் பெரும்பாலான இரவுகளுக்குப் போதும். வலி மிகுந்தால் மருத்துவர் சொன்ன அளவில், குழந்தையின் எடைக்கேற்பப் பாராசிட்டமால் கொடுக்கலாம்; ஆஸ்பிரினை மட்டும் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது, ஈறில் வைத்து அழுத்தவும் கூடாது.

இனி ஈறைப் பார்ப்போம். பார்க்கத் தொடங்கும் பெற்றோரைப் பயமுறுத்தும் முதல் விஷயம் அதன் நிறம். சிறு குழந்தையின் ஈறு இயல்பாகவே பெரியவர்களின் ஈறைவிடச் சற்றுச் சிவப்பாக இருக்கும். மேல்தோல் மெல்லியது, அதற்கடியில் ரத்த நாளங்கள் மிகுதி. அதனால் உள்ளிருக்கும் சிவப்பு வெளியே தெரிகிறது. பல்லை ஒட்டிய விளிம்பும் கத்திமுனைபோல் மெலிந்திராமல் கொஞ்சம் தடித்து உருண்டிருக்கும். பல் வெளிவந்துகொண்டிருக்கும் இடத்தில் இந்தத் தடிப்பு இன்னும் கூடுதலாகத் தெரியும். எனவே நிறத்தை மட்டும் வைத்து அஞ்சுவதைவிட, ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்பது பயனுள்ளது. எல்லாப் பக்கமும் ஒரே சீரான இளஞ்சிவப்பாக இருந்து, ஓரிரு பற்களைச் சுற்றி மட்டும் செக்கச்செவேலென்று ஒரு கோடு தெரிந்தால் அந்த இடத்தில் ஏதோ நடக்கிறது என்று பொருள். தினமும் பார்ப்பவருக்குத்தான் இது புலப்படும். இயல்பாக எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே மாறியிருப்பது தெரியும்.

என் மகளின் பின்பக்கக் கீழ் ஈறில் ஒரு மாலை நீலக்கருமை நிறத்தில் பளபளப்பான சிறு வீக்கம் ஒன்றைக் கண்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ரத்தம் கட்டியதுபோல் இருந்தது. அவளோ வலி என்று எதுவும் சொல்லாமல் விளையாடிக்கொண்டிருந்தாள். குழந்தைகள் பல் மருத்துவர் பார்த்துவிட்டு, வெளிவரப்போகும் பல்லுக்கு மேலே திரவமும் சிறிது ரத்தமும் தேங்குவதால் உண்டாகும் நீர்க்கட்டி அது என்றும், பல் அதைத் துளைத்துக்கொண்டு வந்ததும் தானாக மறைந்துவிடும் என்றும் சொன்னார். குத்தவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம் என்பது மட்டுமே அவருடைய அறிவுரை. அப்படியே நடந்தது. பச்சிளங்குழந்தைகளின் ஈறில் அரிசிமணி போலத் தெரியும் வெண்ணிறப் புள்ளிகளும் இந்த வகைதான். பல் வந்துவிட்டது என்று பலர் மகிழ்வார்கள், சில வாரங்களில் அவை உதிர்ந்து மறைந்துவிடும்.

பயப்படத் தேவையில்லாதவற்றைச் சொல்லிவிட்டேன். இனிப் பேச வேண்டியது ரத்தம்.

துலக்கும்போது குழந்தையின் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தால் பெற்றோரின் கை தானாகவே பின்வாங்கிவிடுகிறது. புண்ணாகிவிட்டது, சில நாட்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று மனம் சொல்கிறது. இயல்பான இந்த இரக்கம் இங்கே நேர்மாறான விளைவைத் தருகிறது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படியும் பாக்டீரியாப் படலமே அந்த அழற்சிக்குப் பெரும்பாலும் காரணம். அதைத் துடைத்தெடுக்காதவரை ஈறு சிவந்தே இருக்கும், தொட்டால் ரத்தம் வரும். 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோயும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று இதைத் திட்டவட்டமாகக் காட்டியது. ஆரோக்கியமான ஈறுகொண்ட 12 பேர் பல் துலக்குவதை முற்றிலும் நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. அவர்கள் பெரியவர்கள். சிறு குழந்தைகளின் ஈறு அதே அளவு படலத்துக்குப் பெரியவர்களைவிடக் குறைவாகவே அழற்சி காட்டுகிறது. இதில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு: இரண்டு வயதுக் குழந்தையின் ஈறில் பளிச்சென்று சிவப்புத் தெரிகிறதென்றால், அங்கே படலம் கொஞ்ச நாட்களாகவே இருந்திருக்கிறது.

என் மகள் இடக்கையால் பிரஷைப் பிடித்துத் தள்ளும் பழக்கமுடையவள். அதனால் மேல்வரிசையின் ஒரு பக்கக் கோரைப்பல்லைச் சுற்றி மட்டும் விளிம்பு சிவந்து, துலக்கினால் நுரையில் இளஞ்சிவப்புக் கலந்து வந்தது. "ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிடாதீர்கள், அங்கேதான் நிதானமாகத் துலக்க வேண்டும்" என்றார் மருத்துவர். மென்மையான இழைகளும் சிறிய தலையும் கொண்ட பிரஷைப் பாதி இழைகள் ஈறின் மேலும் பாதி இழைகள் பல்லின் மேலும் படுமாறு சாய்த்து வைத்து, அழுத்தாமல் சிறு வட்டங்களாகச் சுழற்ற வேண்டும். அழுத்தம் வேண்டாம் என்பதை அவர் அழுத்திச் சொன்னார். நாள் போகப் போக இளஞ்சிவப்பு குறைந்து, பிறகு நின்றுவிட்டது. ஒன்றிரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கிய பிறகும் ரத்தம் நிற்கவில்லையென்றால் அது படலத்தின் வேலை மட்டுமல்ல. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எப்படிப் பிடிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லா அறிவுரைகளும் தடுக்கி விழுவது அங்கேதான். கண்ணாடிக்கு எதிரே குழந்தையை நிற்க வைத்து முன்னாலிருந்து துலக்கினால் முன்பற்களைத் தவிர வேறெதுவும் தெரியாது. பெரியவர் தரையிலோ கட்டிலிலோ அமர்ந்து, குழந்தையைப் படுக்க வைத்துத் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, மேலிருந்து கீழாகப் பார்த்தால் வாய் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். இரண்டு பேர் இருந்தால் முழங்கால்கள் ஒட்டும்படி எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் மடியில் குழந்தையின் உடலும் மற்றவர் மடியில் தலையும் இருக்குமாறு சாய்க்கலாம். பல் மருத்துவர்கள் இந்த வயதுக் குழந்தைகளைச் சோதிப்பதும் இப்படித்தான். ஒரு கையின் சுட்டுவிரலால் மேலுதட்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உதட்டின் நடுவில் ஈறோடு இணையும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதன்மேல் பிரஷ் இடித்தால் வலிக்கும், ஒருமுறை வலித்துவிட்டால் குழந்தை அடுத்த பல நாட்களுக்கு வாயைத் திறக்காது. விரலால் அந்தச் சவ்வை மறைத்துக்கொண்டு துலக்கினால் பாதிப் போராட்டம் குறையும். அழுகை வரத்தான் செய்யும். அழும் வாய் திறந்த வாய் என்று எனக்குச் சொன்னவரை முதலில் கல்நெஞ்சர் என்று நினைத்தேன். பிறகு அந்த நொடிகளைத்தான் கடைவாய்ப்பற்களுக்குப் பயன்படுத்தினேன். குழந்தை தானே துலக்க ஆசைப்பட்டால் துலக்கட்டும், ஆனால் அதன் பிறகு பெரியவரின் முறை ஒன்று இருந்தாக வேண்டும். ஏழெட்டு வயதுவரை பிள்ளைகளுக்குத் தாங்களே முழுமையாகத் துலக்கும் கைத்திறன் வருவதில்லை.

பற்பசையின் அளவு பற்றிக் குழப்பம் நிறைய இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பிரஷில் ஓர் அரிசிமணி அளவு, மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. ஏறத்தாழ 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1000 பங்கு) புளோரைடு உள்ள பற்பசை. முதல் பல் வந்ததிலிருந்தே இப்படித் தொடங்கலாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2014இல் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. விளம்பரப் படங்களில் பிரஷின் நீளம் முழுவதும் அலைபோல் பிதுக்கி வைக்கிறார்களே, அது பற்பசை விற்பதற்கு உதவும், குழந்தைக்கு உதவாது. துப்பத் தெரியாத குழந்தை விழுங்கத்தான் செய்யும். அதனால்தான் அளவு இவ்வளவு சிறியது. தொடர்ந்து மிகுதியாக விழுங்கினால், உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பற்களின் எனாமல் என்ற கடினமான மேலடுக்கில் வெண்ணிறக் கோடுகளும் திட்டுகளும் விழலாம். குடிநீரிலேயே புளோரைடு மிகுந்த பகுதிகளில் வசிப்பவர்கள் எவ்வளவு, எந்தப் பற்பசை என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது. துலக்கிய பின் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வைக்க வேண்டியதில்லை. துப்பினாலே போதும், பல்லின்மேல் எஞ்சும் புளோரைடு தன் வேலையைச் செய்யட்டும்.

மேலுதட்டைத் தூக்கச் சொல்வதற்கு ஈறைவிடவும் பெரிய காரணம் ஒன்று உண்டு. சிறு குழந்தைகளின் சொத்தை பெரும்பாலும் மேல் முன்பற்களில், ஈறு விளிம்பை ஒட்டியே தொடங்குகிறது. கருப்பாக அல்ல, வெள்ளையாக. சுண்ணாம்பு தீற்றியதுபோல் மங்கலான ஒரு வெண்கோடு. உமிழ்நீரைத் துடைத்துவிட்டுப் பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். எனாமலிலிருந்து தாது உப்புகள் கரையத் தொடங்கிவிட்டன, ஆனால் குழி இன்னும் விழவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். இந்த நிலையில் புளோரைடும் ஒழுங்கான துலக்குதலும் உணவுப் பழக்க மாற்றமும் அதை நிறுத்திவிட முடியும், மீட்கவும் முடியும். மஞ்சளாகி, பழுப்பாகி, உடைந்து விழத் தொடங்கிய பிறகு கண்டுபிடித்தால் வழி நீளமாகிவிடும். பால்பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறத்தாழப் பாதித் தடிமனே உடையது என்பதால் வெண்கோட்டுக்கும் குழிக்கும் இடையிலுள்ள காலம் சிறியது.

ஏன் மேல் முன்பற்கள்? இரவில் பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தையின் நாக்கு கீழ் முன்பற்களை மூடிக் காக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்களும் அங்கேதான் திறக்கின்றன. மேல் பற்களுக்கு அந்தக் காவல் இல்லை, பால் அவற்றைச் சுற்றியே தேங்குகிறது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதும் மிகவும் குறைந்துவிடுகிறது. சர்க்கரையை உண்ணும் பாக்டீரியா அமிலத்தை வெளிவிடும், பி.எச். அளவு (அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்கும். விழித்திருக்கும்போது உமிழ்நீர் அரை மணி நேரத்திலோ சற்றுக் கூடுதலான நேரத்திலோ அதைச் சமன் செய்துவிடுகிறது. எனவே ஒரு நாளில் எவ்வளவு இனிப்பு என்பதைப் போலவே எத்தனை முறை என்பதும் முக்கியம். மணிக்கொருமுறை ஒரு வாய் பழச்சாறு குடிக்கும் குழந்தையின் பல்லுக்கு மீள நேரமே கிடைப்பதில்லை. இனிப்பான மருந்துகளும் இந்தக் கணக்கில் சேரும். படுக்கும் நேரத்தில் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுத்த பின் துலக்கிவிட வேண்டும். ஒரு வயதுக்குப் பிறகு இரவு முழுவதும் அடிக்கடி பால் குடித்து, துலக்காமலும் இருக்கும் குழந்தைகளுக்குச் சொத்தை வரும் வாய்ப்புக் கூடுகிறது. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. இரவு துலக்கிய பிறகு புட்டியில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

பால்பல்தானே, விழுந்து புதிதாக முளைக்கத்தானே போகிறது என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. பின்பக்கப் பால்பற்கள் 10 முதல் 12 வயதுவரை வாயில் இருக்கப்போகிறவை. அதுவரை மெல்லுவதும் அவற்றால்தான், நிரந்தரப் பற்களுக்கான இடத்தைக் காத்து வைப்பதும் அவைதான். சொத்தை நரம்புவரை போய் வேர்முனையில் சீழ் கட்டினால் அது ஈறு வழியாகவே வெளியே வரும்: ஒரு பல்லுக்கு நேர் மேலே, பருவைப் போன்ற சிறு கொப்புளம். சில நாட்களில் உடைந்து வடிந்துவிடுவதால் வலி குறையும், குழந்தை சிரிக்கும், பெற்றோர் மறந்துவிடுவார்கள். உள்ளே நோய் அப்படியே இருக்கும். அத்தகைய கொப்புளத்தை ஈறில் கண்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். கன்னமோ கண்ணுக்குக் கீழேயோ வீங்கி, கூடவே காய்ச்சலும் வந்தால் அன்றே போக வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு.

ஆரம்பச் சொத்தைக்கு இப்போது பயமுறுத்தாத வழிகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவர் சில மாதங்களுக்கொருமுறை பல்லில் பூசும் புளோரைடு வார்னிஷ் ஒன்று. வெள்ளி டையமைன் புளோரைடு இன்னொன்று: ஒரு சொட்டுத் திரவத்தைக் குழியில் தடவினால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது, ஊசியோ துளையிடலோ தேவையில்லை. ஆனால் சொத்தையான இடம் நிரந்தரமாகக் கருத்துவிடும். முன்பல்லில் அந்தக் கருமையை ஏற்க மனம் வராத பெற்றோர் உண்டு; மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்வதைத் தள்ளிப்போட இதைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் கருத்த பல்லே மேல் என்பேன். புளோரைடு பற்பசையும் வெள்ளி டையமைன் புளோரைடும் 2021இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றன.

பல் முளைக்கிறது என்று சொல்லித் தள்ளிப்போடப்படுவதில் மிகவும் வேதனையான ஒன்று ஹெர்பிஸ் வைரஸால் வரும் ஈறு-வாய் அழற்சி. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளுக்குத்தான் இது அதிகம் வருகிறது. முதலில் காய்ச்சலும் எரிச்சலும். ஓரிரு நாட்களில் ஈறு முழுவதும் தீப்போல் சிவந்து, வீங்கி, தொட்டால் ரத்தம் கசியும். நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் சிறு கொப்புளங்கள் உடைந்து புண்ணாகும். வாய் நாறும், கழுத்தில் நெறி கட்டும், எச்சில் கொட்டும். படலத்தால் வரும் அழற்சி விளிம்போடு நிற்கும், காய்ச்சல் தராது. இதுவோ ஈறு முழுவதையும் பற்றிக்கொண்டு குழந்தையைப் படுக்கையில் போட்டுவிடும். கை, கால், வாய் நோய் என்பதில் புண்கள் பெரும்பாலும் வாயின் பின்பகுதியில் இருக்கும், உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளங்கள் தோன்றும், ஈறு அவ்வளவாகப் பாதிக்கப்படாது. ஹெர்பிஸ் அழற்சி 10 முதல் 14 நாட்களில் தானே ஆறிவிடும். ஆபத்து வைரஸைவிட வறட்சியில்தான் அதிகம்: வலி தாங்காமல் குழந்தை தண்ணீர்கூடக் குடிக்க மறுக்கும். சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, கண்ணீரில்லாமல் அழுதாலோ, சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்கக் கூடாது. முதல் மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் போனால் அசைக்ளோவிர் மருந்து நோயின் நாட்களைக் குறைக்கும். காத்திருந்து போனால் அந்தப் பயன் குறைந்துவிடும். வாயில் வைத்த விரலைக் கண்ணில் வைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், வைரஸ் விரலுக்கும் கண்ணுக்கும் பரவும். இத்தனையையும் பல்லின் கணக்கில் எழுதி ஒரு வாரத்தைக் கடத்திவிடுவது எவ்வளவு எளிது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

நடை பழகும் குழந்தை விழுந்து வாயில் அடிபடுவதும் சாதாரணம். மேலுதட்டின் நடுச்சவ்வு கிழிந்தால் பார்க்கக் கொடூரமாக ரத்தம் கொட்டும். சுத்தமான ஈரத்துணியால் உதட்டைச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும், தையல் தேவைப்படுவது அரிது. நின்றதா என்று உதட்டை அடிக்கடி தூக்கிப் பார்த்தால் மறுபடி கசியும். அன்று மட்டும் பார்க்காமல் இருப்பதே நல்லது. பால்பல் முழுவதுமாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் அதை மறுபடி குழியில் செருக முயலக் கூடாது, கீழே உருவாகும் நிரந்தரப் பல்லின் மொட்டு சேதமாகும். நிரந்தரப் பல்லுக்கு இதன் நேர்மாறே விதி. அடிபட்ட பல் சில வாரங்களில் சாம்பல் நிறமாக மாறினால் உடனே பிடுங்க வேண்டியதில்லை. மேலே ஈறில் கொப்புளமோ வீக்கமோ வருகிறதா என்று கவனித்து, மருத்துவர் சொன்ன இடைவெளிகளில் காட்டினால் போதும்.

அரிதானவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிபடாமலேயே நான்கைந்து வயதுக்கு முன் பற்கள் ஆடினாலோ விழுந்தாலோ அது எப்போதும் விசாரணைக்குரியது. வேர் கரையாமல் முழு வேரோடு விழுந்தால் எலும்பின் தாதுச் சேர்க்கையைப் பாதிக்கும் ஹைப்போபாஸ்படேசியா போன்ற பரம்பரை நோய்களைத் தேட வேண்டியிருக்கும். நன்றாகத் துலக்கியும் ஈறு ஓயாமல் கசிந்து, கூடவே குழந்தை வெளிறி, காரணமில்லாத ரத்தக்கட்டுகள் தோலில் தோன்றினால் ரத்தப் பரிசோதனை தேவை. ரத்தப் புற்றுநோயும் வெள்ளணுக் குறைபாடும் சில நேரங்களில் முதலில் ஈறில் தலைகாட்டுகின்றன. இரண்டு மூன்று உணவுகளைத் தவிர வேறெதையும் தொடாத குழந்தைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஈறு வீங்குவதும் கால்வலியால் நடக்க மறுப்பதும் இன்றும் காணப்படுகிறது. வலிப்புக்குக் கொடுக்கப்படும் பெனிட்டாயின் போன்ற மருந்துகள் ஈறை மிகையாக வளரச் செய்யலாம். எல்லாப் பெற்றோரும் இவற்றை நினைத்து உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நடைமுறையில், மருத்துவரிடம் போகும்போது குழந்தையின் மருந்துகள், உணவு, தோலில் கண்ட மாற்றங்கள் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும்.

முதல் பிறந்தநாளுக்குள், அல்லது முதல் பல் வந்து ஆறு மாதங்களுக்குள், பல் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது குழந்தைகள் பல் மருத்துவத்தின் பொதுவான பரிந்துரை. நான் அப்படிப் போனபோது 'நான்கு பல்லுக்கு மருத்துவரா' என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்தச் சந்திப்பில் மருந்தேதும் தரப்படவில்லை. மடியில் சாய்த்து வாயைப் பார்த்தார், எப்படித் துலக்க வேண்டும் என்று செய்து காட்டினார். பிறகு நீலக் கட்டி வந்தபோது என் மகள் அவரைப் பார்த்து அழவில்லை என்பதில் அந்த முதல் சந்திப்புக்குப் பங்கு உண்டென்றே நம்புகிறேன்.

இப்போது அவளுக்கு 20 பற்களும் இருக்கின்றன. பின்பக்கக் கடைவாய்ப்பற்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடத் தொடங்கிவிட்டதால் இடையில் பிரஷ் இழைகள் புகுவதில்லை. இரவில் மட்டும், பிடியுள்ள ஃபிளாஸ் என்னும் பல்லிடுக்கு நூலைக் கொண்டு அந்த இடைவெளிகளைச் சுத்தம் செய்கிறோம். அடுத்து வரவிருப்பது ஆறு வயதையொட்டி, எந்தப் பால்பல்லும் விழாமலேயே வரிசையின் கடைசியில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். அதுவும் பால்பல்தான் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் ஏராளம். முழுவதுமாக வெளிவர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஈறின் ஒரு மடிப்பு அதன் பின்பாதியை மூடியிருக்கும், அந்த மடிப்புக்கு அடியில் உணவு தங்கும், மற்றப் பற்களைவிட உயரம் குறைவாக இருப்பதால் பிரஷ் அதன் மேலாகவே தாண்டிப் போய்விடும். அந்தக் காலத்தில் பிரஷைக் கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காகச் செலுத்தி அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் துலக்க வேண்டும் என்று மருத்துவர் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.